டப்பா வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

வாசகர் கேள்வி – லேப் ஆச்சி பதில்

இந்த மாதம் வந்த தபாலில் வயிற்றுக் கடிதங்கள்தான் அதிகம். அதிலும் கிட்னி மாற்றியவர், எச்ஐவிக்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர், ஸ்டீராய்டு எடுக்கப்போகிறவர் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டுக் கடிதங்கள். அதனால் சுகரையும் தைராய்டையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வழக்கம்போல முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் 34 வருடம் லேபில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப் பார்த்தவள். உள்ளே என்ன இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதோடு என் வேலை முடிந்தது. என்ன மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் பொறுப்பு.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. இப்போது ஐந்து வாரமாக வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீராக, நாளைக்கு ஏழெட்டுத் தடவை. எடை 6 கிலோ குறைந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தேன், கேட்கவில்லை. இரண்டு தடவை மோஷன் டெஸ்ட் எடுத்தோம். இரண்டிலும் ‘ஓவா, சிஸ்ட் இல்லை’ என்றே வந்தது. அப்படியானால் பூச்சி எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம், ஆச்சி? – ஒரு வாசகி, தேவகோட்டை

இல்லை அம்மா. ஓவா என்றால் முட்டை, சிஸ்ட் என்றால் கூடு கட்டிய ஒட்டுண்ணி. அந்த டெஸ்ட்டில் தெரியக்கூடியது எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான் அர்த்தம்.

சாதாரண மோஷன் டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று சொன்னால் புரியும். ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஒரு பக்கம் ஒரு சொட்டு சலைன், மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின். குச்சி நுனியில் தீக்குச்சித் தலையளவு மலத்தைத் தொட்டு இரண்டிலும் கலக்குவோம். மேலே கவர் ஸ்லிப்பை வைத்து, மைக்ரோஸ்கோப்பில் மூலை விடாமல் தேடுவோம். நாக்குப்பூச்சி முட்டை, கொக்கிப்புழு முட்டை, அமீபா, ஜியார்டியா, இவையெல்லாம் ஸ்லைடில் இருந்தால் பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பாது. ஆனால் கிட்னி மாற்றியவரைப் படுத்துகிற ஆட்கள் வேறு. கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா, சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா. பெயர்தான் நீளம், பெரும்பாலும் ஆள் பொடி.

எவ்வளவு பொடி? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாக்குப்பூச்சி முட்டை சுமார் 60 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதை ஒரு கொட்டைப்பாக்கு என்று வைத்தால் கிரிப்டோஸ்போரிடியம் ஒரு கடுகு, 4 முதல் 6 மைக்ரான்தான். மைக்ரோஸ்போரிடியா இன்னும் மோசம். 1 முதல் 3 மைக்ரான், கசகசா அளவுகூடத் தேறாது. அயோடினில் பார்த்தால் கடுகு கடுகாகவா தெரியும்? ஈஸ்ட்டா, கொழுப்புத் துளியா, வெறும் அழுக்கா என்று பிரிக்கவே முடியாது. சாயம் ஏற்றினால்தான் மாட்டும். முதல் மூன்றுக்கும் (காக்சிடியா என்று ஒரே பெயரில் சொல்வோம்) மாற்றியமைத்த ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயின் என்று ஒன்று உண்டு. சளியில் டிபி கிருமி பார்க்கிற சாயத்தின் தங்கச்சி. மைக்ரோஸ்போரிடியாவுக்கு அதுவும் போதாது, ட்ரைக்ரோம் சாயத்தில் தனி வகை ஒன்று வேண்டும்.

இந்தச் சாயங்களைக் கேட்காமல் எந்த லேபும் போடாது. காலையில் வரிசையாக ஐம்பது டப்பா நிற்கும்போது எது கிட்னி மாற்றியவருடையது, எது நேற்றுக் கல்யாண வீட்டில் பந்தியில் மூக்குப் பிடிக்கத் தின்றவருடையது என்று டெக்னீஷியனுக்கு எப்படித் தெரியும்? சீட்டில் ‘மோஷன் – ரொட்டீன்’ என்று மட்டும் இருந்தால் ரொட்டீன்தான் நடக்கும். அதனால் டப்பா வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘கிட்னி மாற்றியவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையில் இருக்கிறார், காக்சிடியாவும் மைக்ரோஸ்போரிடியாவும் பார்க்க வேண்டும்.’ டாக்டரிடம் இதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. அந்த லேபில் வசதி இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பலாம். இல்லாத வசதியில் பார்த்து ‘நார்மல்’ வாங்குவதைவிட அது மேல்.

அடுத்தது, ஒரு டப்பா போதாது. இந்த ஒட்டுண்ணிகள் தினமும் ஒரே அளவில் வெளியே வராது. இன்றைக்கு ஆயிரம் இருக்கும், நாளைக்கு ஒன்றுகூட இராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று டப்பா கொடுங்கள்.

எடுக்கிற விதத்தையும் கேளுங்கள், பாதி ரிப்போர்ட் இங்கேதான் கெடுகிறது. வாய் அகன்ற, காய்ந்த டப்பா. சிறுநீர் கலக்கக் கூடாது, கக்கூஸ் தண்ணீரிலிருந்து அள்ளவும் கூடாது. தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். அதற்கு மேல் ஆனால் அமீபாவும் ஜியார்டியாவும் செத்து உருத் தெரியாமல் போய்விடும். வெளியூருக்கு அனுப்புவதானால் லேபில் ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் டெஸ்ட்டுக்கு மட்டும் ஃபார்மலின் ஆகாது, அதற்குத் தனி டப்பா. டெஸ்ட்டுக்கு முன்னால் ‘வயிறு சுத்தமாகட்டும்’ என்று விளக்கெண்ணெய் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. ஸ்லைடு முழுக்க எண்ணெய்த் துளி மிதக்கும், ஒன்றும் பார்க்க முடியாது. நீங்கள் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த மெட்ரோனிடசோலும் அப்படித்தான். கிரிப்டோவை அது ஒன்றும் செய்யாது. அமீபாவோ ஜியார்டியாவோ இருந்திருந்தால் பாதி அடித்துப் பாதியை ஒளித்துவைத்திருக்கும். கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய லேபில் பிசிஆர் பேனல் என்று ஒன்று சொல்வார்கள், விலை கூடுதல். நல்ல டெஸ்ட்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் எவையெல்லாம் அடக்கம் என்று கேட்டு வாங்குங்கள். பரவலாகப் புழங்குகிற ஒரு பேனலில் பாக்டீரியா, வைரஸ் எல்லாம் போக ஒட்டுண்ணி நான்குதான்: கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா, ஜியார்டியா, அமீபா. சிஸ்டோஐசோஸ்போராவும் மைக்ரோஸ்போரிடியாவும் அதில் கிடையாது. ‘அத்தனை ரூபாய் கொடுத்து எடுத்தாச்சு, ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகிவிட முடியாது.

இன்னொன்று, இது பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிட்னி மாற்றியவர்களில் நிறைய பேர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கச் சாப்பிடுகிற மைக்கோஃபினோலேட் மாத்திரையே வயிற்றைக் கழியவைக்கும். சிஎம்வி என்கிற வைரஸும் இதே மாதிரி செய்யும். மலத்தில் எதுவும் அகப்படாவிட்டால் எண்டோஸ்கோப்பி போட்டுக் குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். டாக்டர் சொன்னால் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அதற்காக மைக்கோஃபினோலேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிட்னியே போய்விடும். அதே வேலைக்கான டாக்ரோலிமஸும் சாப்பிடுகிறாரா? வயிற்றுப்போக்கு இருக்கும்போது அது ரத்தத்தில் ஏறிவிடும், ஏறினால் கிட்னிக்குக் கெடுதல். ஐந்து வாரம் ஆகிவிட்டது, 6 கிலோ போய்விட்டது. என் பதில் அச்சாகி வரும்வரை உட்கார்ந்திருக்காமல் கிட்னி டாக்டரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: நான் ஏ.ஆர்.டி. எடுப்பவன். அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. லேபில் என் நோயைச் சொன்னால்தான் சரியாகப் பார்ப்பார்களா? சின்ன ஊர் ஆச்சி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். – பெயரும் ஊரும் வேண்டாம்

சொல்ல வேண்டியதில்லை தம்பி. ‘எதிர்ப்புச் சக்தி குறைவு, காக்சிடியா பார்க்கவும்’ என்று டாக்டர் எழுதினாலே டெக்னீஷியனுக்குப் போதும். கேன்சர் மருந்து எடுப்பவருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். ஏன் என்று துருவிக் கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. தெரிந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே பேசக் கூடாது என்று 2017ல் சட்டமே போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. அப்படியும் தயக்கமாக இருந்தால் உங்கள் ஏ.ஆர்.டி. மையம் வழியாகவே டெஸ்ட் கொடுங்கள். டெஸ்ட் எடுக்கிற சமயத்தில் சிடி4 எண்ணிக்கையும் (எதிர்ப்புச் சக்தி தருகிற ஒரு வகை வெள்ளை அணுக்களின் கணக்கு) பார்க்கச் சொல்லுங்கள். அது 100க்குக் கீழே போனவருக்குக் கிரிப்டோ வந்தால் லேசில் விடாது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவது, இவருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு முதல் மருந்தே ஏ.ஆர்.டி.தான். சிடி4 ஏற ஏறத்தான் அது இறங்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது. 90களின் நடுவில் நடந்தது. சமையல் வேலைக்குப் போகிற பையன், முப்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு நூறு இலைக்குத் தனியாளாக மசாலா அரைத்துக் கொடுப்பானாம், அவன் அம்மா சொல்வார். அந்த அம்மாதான் மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, கழுவித் துடைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று தடவையும் நான் ‘நார்மல்’ என்று எழுதினேன். மூன்று சீட்டிலும் என் கையெழுத்து. நாலாவது வாரம் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் சீட்டோடு நேரே என் மேசைக்கு வந்து, ‘வேற ஸ்டெயின் ஏதாவது போட்டீங்களாம்மா?’ என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிபி சாயம்தான் மேசையில் இருந்தது. ஆசிட்டை மட்டும் நன்றாகத் தண்ணியாக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். போட்டோம். நீலத் தரை மேலே, இரண்டு முனையும் குறுகின நெல்மணி போல ஒன்று. உமிக்குள் அரிசி மாதிரி உள்ளே ஒரே ஒரு சிவப்பு உருண்டை. அது சிஸ்டோஐசோஸ்போரா. அதன் நீளம் சுமார் 30 மைக்ரான், கடுகு இல்லை, பெரியது. சாயம் இல்லாமலே நிதானித்துப் பார்த்திருந்தால் நிழலாகவாவது தெரிந்திருக்கும். என் கண்ணுக்கு அது பழக்கமில்லை, தாண்டிப் போய்விட்டேன்.

கோ-ட்ரைமாக்சசோல் என்கிற பழைய, மலிவான மாத்திரை. ஒரு வாரத்தில் போக்கு நின்றது. இன்றைக்கும் அதற்கு அதுதான் மருந்து. ஆனால் அரசாங்கம் ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். அந்தப் பையன் அதுவரை இருக்கவில்லை. நீங்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் தம்பி.

கேள்வி: எங்கள் ஐயாவுக்கு 84 வயது. வாலிபத்தில் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர், பிறகு ஊரில் வயல் வேலை. மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணு 14 சதவீதம் என்று வந்தது, ‘அலர்ஜியாக இருக்கும்’ என்றார்கள். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டால் போதுமா? – ஒரு பேத்தி, பள்ளத்தூர்

நல்ல நேரத்தில் கேட்டாய் அம்மா. ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்னால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அலர்ஜியாகவே இருக்கட்டும், பார்த்துவிட்டு அப்புறம் அலர்ஜி என்று சொல்லட்டும்.

இது நூல் மாதிரி ஒரு குடல் புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாக இதன் குட்டிப்புழு உள்ளே போகிறது. ரப்பர் தோட்டம், நடவு வயல் இரண்டும் அதற்குத் தோது. மற்ற குடல் புழுக்களில் பலவற்றுக்கு ஆயுள் சில வருடம்தான். இதுவோ அந்த மனிதரின் குடலுக்குள்ளேயே குட்டி போட்டு, அந்தக் குட்டி மறுபடியும் குடல் சுவரைத் துளைத்து உள்ளே போய், தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகத் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த சிப்பாய்களுக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தப் புழு இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வயிறு ஒன்றும் சொல்லாது. ரத்தத்தில் ஈசினோஃபில் கூடுவது ஒன்றுதான் பல பேருக்குத் தடயம்.

எதிர்ப்புச் சக்தி இருக்கிறவரை அளவாக இருக்கும். ஸ்டீராய்டு போட்டதும் கதவு திறந்த மாதிரிதான். குட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரல் வரை போகும், போகும்போது குடல் பாக்டீரியாவையும் கூட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் போகும். உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் ஈசினோஃபில்கூட இறங்கிவிடும், இருந்த ஒரு தடயமும் போச்சு.

கண்டுபிடிப்பது எப்படி? இதன் முட்டை மலத்தில் வராது, குடலிலேயே பொரிந்து குட்டியாகத்தான் வரும், அதுவும் கொஞ்சமாக. ஒரே ஒரு டப்பாவைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்வதில் பெரும்பாலும் தப்புதான் நடக்கும். பல நாள் எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது அகார் தட்டில் வளர்க்க வேண்டும். எனக்குப் பிடித்த டெஸ்ட் அது. பாக்டீரியா வளர்க்கிற அகார் தட்டின் நடுவில் கோலிக்குண்டு அளவு மலத்தை வைத்து, மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவோம். ஃப்ரிட்ஜில் வைத்த மலமும், ஃபார்மலின் ஊற்றியதும் இதற்கு உதவாது, புழு உயிரோடு இருக்க வேண்டும். குட்டி இருந்தால் ஊர்ந்து வெளியே வரும். போகிற வழியெல்லாம் உடம்பில் ஒட்டின பாக்டீரியாவை விட்டுப் போகும், அது முளைத்துவிடும். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், கைநடுக்கத்தோடு வைத்த கோலப் புள்ளி மாதிரி வளைந்து வளைந்து ஒரு வரிசை. அந்தத் தடத்தைப் பார்க்க மைக்ரோஸ்கோப்பே வேண்டாம். திறந்து கையால் மட்டும் தொட்டுவிடக் கூடாது, தோலுக்குள் போகிற சாதி அது.

ரத்தத்தில் எலிசா டெஸ்ட்டும் இருக்கிறது, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். பூச்சி மாத்திரை என்று நீ சொல்வது அல்பெண்டசோலாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற அந்த ஒற்றை மாத்திரைக்கு இது மசியாது. இதற்கு ஐவர்மெக்டின், ஆளின் எடைக்குக் கணக்குப் போட்டு டாக்டர் கொடுப்பார். ஒருவேளை ஐயாவுக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டிருந்தால் நீங்களாகப் பட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. மலேயா விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? அறுபது வருடத்துக்கு முந்தின கதை என்று நாம் சொல்லாமல் விட்டுவிடுவோம், அவருக்குக் கேட்கத் தோன்றாது.

கேள்வி: கீமோ எடுக்கும் என் அம்மாவுக்குக் குளோரின் போட்ட தண்ணீர் போதுமா? எங்கள் ஆச்சி வீட்டில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைப்பார்கள், அது நல்லதா? – கோட்டையூர் வாசகர்

இரண்டும் போதாது. தேத்தாங்கொட்டை கலங்கலை அடியில் உட்காரவைக்கும், கிருமியைக் கொல்லாது. குளோரினுக்குக் கிரிப்டோ அசையாது, நீச்சல் குளத்துத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். 1993ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், நகராட்சி சுத்திகரித்துக் குழாயில் விட்ட தண்ணீரிலேயே இது வந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரோ, ஊரணித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, எதுவானாலும் தளதளவென்று கொதிவந்து ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஆறவைத்து மூடிவையுங்கள். பல் விளக்கவும் அதே தண்ணீர்தான்.

கேள்வி: நான் டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கிறேன். டிபி ஸ்டெயின் செட்டை வைத்தே கிரிப்டோ பாசிட்டிவ் சாம்பிளில் ஸ்லைடு போட்டேன். எல்லாமே நீலமாக இருக்கிறது, சிவப்பு ஒன்றுகூட இல்லை. – மாணவி, சிவகங்கை

ஆசிட்தான் காரணம். டிபிக்கு வைத்திருக்கிற சல்ஃப்யூரிக் ஆசிட் 20, 25 சதவீதம் இருக்கும். டிபி கிருமியின் மெழுகுத் தோல் அதைத் தாங்கும், கிரிப்டோ தாங்காது, ஏறின சிவப்பை முழுக்கக் கழற்றிவிடும். 1 சதவீதத்துக்கு இறக்கு. ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதே. சிவப்பு வந்தபிறகும் அளந்து பார்க்காமல் எழுதாதே. 4 முதல் 6 மைக்ரான் என்றால் கிரிப்டோ, 8 முதல் 10 என்றால் சைக்ளோஸ்போரா, இரண்டுக்கும் மருந்தே வேறு. சைக்ளோஸ்போரா எல்லாம் ஒரே மாதிரி சாயம் ஏறாது, ஒன்று அரக்காக இருக்கும், பக்கத்திலேயே ஒன்று சாயமே ஏறாமல் கண்ணாடி உருண்டை மாதிரி நிற்கும், அதைப் பார்த்துக் குழம்பாதே. ஈஸ்ட் பெரும்பாலும் நீலமாகத்தான் போகும்.

சாயம் போடும்போதெல்லாம் பாசிட்டிவ் என்று தெரிந்த ஸ்லைடு ஒன்றையும் கூடவே போடு. அதுவும் நீலமாக வந்தால் தப்பு உன் சாயத்தில். சிவப்பாக எப்படித் தெரிய வேண்டும் என்று கண்ணுக்குப் பழகுவதற்குச் சாயம் ஏற்றின நல்ல ஸ்லைடு ஒன்றும் கைவசம் வைத்துக்கொள். நான் வைத்திருந்தது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஸ்லைடுதான். மரப்பெட்டியில் வெயில் படாமல் வைத்து, புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுவேன். 11 வருடம் வந்தது. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆனபிறகுதான் மாற்றினேன்.